நாப்பதா, நாப்பதுக்கா?

அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு நிதானம் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. தும்மல் வந்தால்கூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் தும்முவார் என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. கேலிதான் என்றாலும் அவருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. நிலக்கரியை எரித்து, நீராவி பண்ணி, மின்சாரம் எடுக்கிற வேலைக்கு நிதானம்தான் முதல் தகுதி என்று நம்பியவர் அவர். ஒரு தடவை பற்றவைத்தால் மாதக்கணக்கில் அணையவிடக்கூடாது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே சீராக ஓட்ட வேண்டும். அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படியே ஓட்டிவந்தார்.

அந்த வேலைதான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் புரியாமல் போய்க்கொண்டிருந்தது.

ஊரைச் சுற்றிப் பொட்டல் காடெல்லாம் சோலார் தகடுகள் வந்துவிட்டன. பகல் ஏற ஏற அவற்றிலிருந்து மின்சாரம் பொங்கி வழிந்தது. காற்றாலைகள் வேறு. அந்த நேரத்தில் அனல் நிலையத்தை யாரும் சீந்துவதில்லை. "குறைங்க, குறைங்க" என்று போன் வரும். வெயில் சாய்ந்ததோ இல்லையோ, "ஏத்துங்க, சீக்கிரம் ஏத்துங்க" என்று அதே போன். ரயில் வண்டியைக் கொடுத்து டவுன் பஸ் மாதிரி ஓட்டச் சொல்கிறார்கள் என்று நிதானம் வீட்டில் புலம்புவார்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எந்த நிலையம் எந்த நேரத்தில் எவ்வளவு தர வேண்டும் என்று பார்த்துச் சொல்வது நகரத்தின் நடுவிலிருந்த லோடு சென்டரின் வேலை. அங்கே பகல் ஷிஃப்டில் உட்கார்ந்து அந்த போனைச் செய்தவன் நிதானத்தின் சகலை.

நிதானத்தின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய தங்கையைக் கட்டியவன்தான் அவன். இரண்டு குடும்பமும் மாமனார் வீட்டில்தான். கீழே மூத்தவர்கள், மாடியில் இளையவர்கள். வீட்டில் நிதானம் மூத்த மாப்பிள்ளை. நல்லது கெட்டது எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். சின்ன மாப்பிள்ளை அவரை வாய் நிறைய "அண்ணா" என்பான். அவர் உட்காராமல் தான் உட்காரமாட்டான். அதே ஆள் பகலில் போன் எடுத்தால், "லோடு சென்டர். குறைங்க சார்." பேச்செல்லாம் பதிவாகிற லைன் அது, உறவு கொண்டாட முடியாது. இவரும் "சரி சார்" என்பார். பகலெல்லாம் தம்பியைச் சார் என்று கூப்பிட்டு, அவன் சொன்னபடி ஆடிவிட்டு வந்தால், சாயங்காலம் அதே தம்பி எழுந்து நின்று "வாங்கண்ணா" என்பான். இதில் எது நிஜம் என்று அவருக்கு ஒரேயடியாகக் குழப்பமாக இருக்கும்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனாருக்கோ அடியோடு பிடிபடவில்லை. "ஒருத்தர் கரண்ட் எடுக்கறாரு. இன்னொருத்தர் அதை வேணாங்கறாரு. ரெண்டு பேருக்கும் சம்பளம் வருது. நல்ல உத்தியோகம்தான்" என்பார்.

அன்றைக்குக் காலையிலேயே ஆரம்பம் சரியில்லை. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட்டுவிட்டு நிதானம் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியிலிருந்து சின்ன மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "அண்ணா, நிறுத்திடுங்க, வழியுது" என்றான். சொன்னதில் தப்பே இல்லை. தொட்டி வழியத்தான் வழிந்தது. ஆனால் போனில் வருகிற அதே குரல், அதே அவசரம். 'வீட்டுலயுமா?' என்று அவருக்குச் சுருக்கென்றது. வாயில் நுரையோடு சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். நிறுத்தவில்லை. மனைவிதான் ஓடிவந்து அணைத்தாள்.

"என்னங்க இது? காது கேக்கலையா?"

"கேட்டுது."

"அப்புறம்?"

அப்புறம் என்னவென்று அவருக்கே தெரியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அங்கே போனால் நிலையத்தின் தலைமைப் பொறியாளர், அதாவது சீஃப், எல்லோரையும் கூட்டி உட்காரவைத்திருந்தார். அடுத்த மாதம் ஒரு சோதனை. வெளியிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். உலையும் ஜெனரேட்டரும் சேர்ந்த யூனிட்டை அதன் முழுத் திறனில் நாற்பது சதவீதத்துக்கு இறக்கி, அங்கேயே நிறுத்திக் காட்ட வேண்டும். அதுவரை பாதிக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுகொள்வதுதான் அவர்கள் வழக்கம். அதற்குக் கீழே போனால் உலையில் தீ தளர்ந்துபோகும். தீ அணைந்துவிட்டால் கருவிகள் தாமாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மறுபடி பற்றவைத்து எழுப்புவதற்குள் பிராணன் போய்விடும். தளர்கிற தீக்கு எண்ணெய் விட்டு முட்டுக்கொடுக்கலாம். ஆனால் எண்ணெய் இல்லாமல் நிறுத்துவதில்தான் இருக்கிறது சாமர்த்தியம் என்றார் சீஃப்.

"சூரியனோட நம்மால போட்டி போட முடியாது. அது வர்றப்ப ஒதுங்கணும், போறப்ப ஓடி வரணும். ஒதுங்கத் தெரியாத நிலையத்தை இழுத்து மூடிடுவாங்க. நாப்பது. மனசுல வெச்சுக்கோங்க. நாப்பது."

கூட்டம் கலைந்து டீ குடிக்கும்போதும் அதே நாற்பதுதான். நிக்குமா நிக்காதா என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். பாய்லர் டெஸ்கில் இருந்த பெண்ணைப் பட்டாசு என்று கூப்பிடுவார்கள், பேச்சு அப்படி. "எனக்கே நாப்பதுல முட்டி வலி வந்து நிக்க முடியல. இந்தக் கிழட்டு பாய்லர் எங்க நிக்கப்போகுது?" என்று அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நிதானம் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். சீராக ஓடுவதுதான் நல்லது என்றால் ஒதுங்குவது எப்படி நல்லது? ஒதுங்குவதுதான் நல்லது என்றால் இத்தனை வருஷம் தான் செய்தது என்ன?

மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்தபோது போன் அடித்தது. யூனிட்டின் முழுத் திறன் ஐந்நூறு மெகாவாட். அப்போது முந்நூற்று முப்பதில் ஓடிக்கொண்டிருந்தது.

"லோடு சென்டர். நாப்பது குறைங்க சார்."

அப்படிச் சொன்னானா, "நாப்பதுக்கு குறைங்க" என்று சொன்னானா என்பதுதான் பின்னால் வந்த அத்தனை வம்புக்கும் மூலம். வேகமாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும். இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும். லைனில் இரைச்சல் வேறு. நாற்பது மெகாவாட் குறைப்பது தினப்படி வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம். நாற்பது சதவீதத்துக்குக் குறைப்பது என்றால், அது அங்கே இருந்த யாரும் போய்ப் பார்க்காத இடம்.

நிதானம் தயங்கினார். 'எவ்வளவுக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் காலையில் மனைவி 'காது கேக்கலையா' என்றது இன்னும் காதிலேயே இருந்தது. தம்பியிடம் போய், இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்று கேட்பதா? சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதை மட்டும் செய்தார்.

"நாப்பது."

"ஆமா சார், நாப்பது."

போன் அடங்கியது. இரண்டு பேரும் சொன்னது ஒரே எண்தான்.

"என்னவாம் சார்?" என்றாள் பட்டாசு.

"நாப்பதுக்கு இறக்கணுமாம்."

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "நாப்பதுக்கா? டெஸ்ட் அடுத்த மாசம்னு இப்பத்தானே சொன்னாரு சீஃப்?"

"அதான் எனக்கும் புரியல."

"திருப்பிக் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார். திருப்பிச் சொன்னதையே திருப்பிக் கேட்டதாகக் கணக்கில் வைத்துக்கொண்டார். சீஃப்புக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். அவர் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார், எடுக்கவில்லை.

இறக்க ஆரம்பித்தார்கள். நிலக்கரியை மாவாக அரைத்து உலைக்குள் ஊதுகிற மில்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை நிறுத்தினார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் அடங்கும்போது காலடியில் பழகிப்போன அதிர்வு ஒரு சுற்று இளைத்தது. வழக்கமாக நிற்கிற எண் வந்தது, போனது. அதற்குக் கீழே திரையில் அவர்கள் பார்த்தே இராத எண்கள் வர ஆரம்பித்தன.

உலைக்குள் இருக்கிற கேமராவின் திரையில் எப்போதும் தீ மஞ்சளாகத் திரை கொள்ளாமல் பொங்கிக்கொண்டிருக்கும். இப்போது அது செக்கச்செவேலென்று மூலைக்குச் சுருங்கித் துடித்தது. பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடியது. எச்சரிக்கை மணி ஒன்று அடிக்க, அதை அணைப்பதற்குள் அடுத்தது அடித்தது.

"எண்ணெய் போட்டுடலாமா சார்?"

"ரெடியா வை."

"ரெடியாத்தான் இருக்கு. போடவா?"

நிதானம் யோசித்தார். போட்டால் தீ பிழைக்கும். ஆனால் எண்ணெய் விடாமல் நிறுத்த வேண்டும் என்றல்லவா சொன்னார் சீஃப்? அது சோதனைக்குச் சொன்னது. அப்படியானால் இது சோதனையா, இல்லையா? இல்லை என்றால் எதற்கு நாற்பது? ஆமாம் என்றால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? இங்கே இவ்வளவு கூத்து நடக்கும் என்று தம்பிக்குத் தெரியுமா? ஒருவேளை தெரிந்தேதான், அண்ணனால் முடிகிறதா பார்ப்போம் என்று...

"சார், போடவா, வேணாமா?"

"இரு."

"இருன்னா?"

"இருன்னா இரு."

அந்த 'இரு' நீண்டுகொண்டே போனது. பட்டாசின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. தீ இன்னும் சுருங்கி, ஒரு நேரம் திரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. போடு என்று சொல்ல நிதானம் ஒருவழியாக வாயைத் திறந்தார். அதற்குள் கீழிருந்து ஒரு தீநாக்கு எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் சேர்ந்து சின்னதாக, ஆனால் ஆடாமல் நின்றன. தண்ணீர் மட்டமும் அடங்கியது. எண் இருநூறில் வந்து உட்கார்ந்தது. ஐந்நூறில் நாற்பது சதவீதம்.

"நிக்குது சார்!" என்றாள் பட்டாசு. "எப்படி சார்?"

"தெரியல" என்றார் நிதானம். அது அடக்கம் இல்லை, உண்மையாகவே தெரியவில்லை.

அவர் போனைப் பார்த்தார். இத்தனை பெரிய காரியம் நடந்திருக்கிறது, லோடு சென்டரிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் திரையிலும் இந்த எண் தெரியும். ஒரு 'சரி' சொன்னால் என்ன? கொஞ்ச நேரத்தில் அவருக்கு அதுவே மனத்தாங்கலாகிவிட்டது. நாமே பேசலாமா என்று நினைத்து, அவனே பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

பேசினான். ஆனால் குரல் வேறாக இருந்தது.

"ஏத்துங்க சார்! பெரிய மேகம் வந்து மூடிருச்சு, சோலார் சரசரன்னு விழுது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஏத்துங்க, உடனே!"

"ரெண்டு மில் நின்னிருக்கு. ஒவ்வொண்ணாத்தான் எடுக்க முடியும்."

"ரெண்டா? யாரு நிறுத்தச் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா?"

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். ஏத்துங்க" என்று வைத்துவிட்டான்.

முதல் மில் மனது வைத்து ஓடியது. இரண்டாவதில் ஈரக் கரி குழாயில் அடைத்துக்கொண்டது. ஆட்கள் சுத்தியல் எடுத்துக் குழாயைத் தட்டித் தட்டிக் கரியை இறக்கினார்கள். நிதானம் இங்கே இருந்தபடியே தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். யூனிட் மூச்சு வாங்கி மேலே வருவதற்குள் லோடு சென்டரில் வேறு வழியில்லாமல் நகரத்தின் சில பகுதிகளுக்கு மின்சாரத்தை வெட்டினார்கள்.

அதில் ஒன்று அவர்கள் வீட்டுத் தெரு. நேரம் பார்த்து மாமனார் தெருமுனை சலூனில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் நிதானம் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் இருந்தார். மருமகனைக் கண்டதும் துண்டை அவிழ்த்தார். தலையின் இடது பக்கம் மெஷினால் மழமழவென்று வெட்டியிருந்தது. வலது பக்கம் முடி அப்படியே காடாக நின்றது. காத்திருந்து பார்த்தாராம், கரண்ட் வருவதாயில்லை. கத்தரிக்கோலால் முடிக்கட்டுமா என்று சலூன்காரர் கேட்டதற்கு, வேண்டாம், இப்படியே போய் மாப்பிள்ளைகளிடம் காட்டுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாராம்.

"மின்சாரத்துல ரெண்டு மாப்பிள்ளை எனக்கு. பக்கத்துக்கு ஒருத்தர்னு இருந்தும் பாதித் தலைதான் கிடைச்சுது."

கொழுந்தியாள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள். நிதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சின்ன மாப்பிள்ளை வந்தான். அன்றைக்கு அவன் "வாங்கண்ணா" சொல்லவில்லை. இவரும் "வாங்க தம்பி" சொல்லவில்லை.

"ஏன் தம்பி, நாப்பதுக்குக் குறைக்கச் சொன்னது நீங்கதானே?" என்றார் நிதானம்.

"நாப்பதுக்கா? நான் நாப்பது குறைங்கன்னு சொன்னேண்ணா. நாப்பது மெகாவாட்."

"நாப்பதுக்குன்னு என் காதுல விழுந்துது."

"நான் எதுக்கு அப்படிச் சொல்லப்போறேன்? அந்த டெஸ்ட் அடுத்த மாசமாமே."

"சரி. நான் பாட்டுக்கு அதலபாதாளத்துக்கு இறக்கிட்டு இருக்கேன். திரையில பாத்துட்டுத்தானே இருந்தீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

சின்ன மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"நீங்க கோவத்துல பண்றீங்கன்னு நெனைச்சேண்ணா."

"கோவமா? என்ன கோவம்?"

"காலைல மோட்டாரை நிறுத்தச் சொன்னப்ப நீங்க நின்ன நிலை... குறை குறைங்கறியே, இந்தா முழுசா குறைச்சுட்டேன் பாருன்னு காட்டறீங்களோன்னு... போன் பண்ணினா சண்டை வருமோன்னு விட்டுட்டேன். அப்ப வெயிலும் நல்லா இருந்துது, மத்த நிலையங்களை வெச்சுச் சமாளிச்சுட்டேன். மேகம் வரும்னு யாரு கண்டா?"

கணக்கு டீச்சர் அதுவரை வாசற்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இவ்வளவு குறை, இவ்வளவாகக் குறை. ஆறாம் வகுப்புல பிள்ளைங்க மாத்தி மாத்திப் போடுற கணக்கு இது. அதுங்களுக்குப் புரியலைன்னா கை தூக்கிக் கேக்கும்" என்றாள். புருஷனைச் சொன்னாளா, தங்கை புருஷனைச் சொன்னாளா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சில நாளில் தலைமை அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் கிடைக்காததால் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். சின்ன மாப்பிள்ளை ஓட்ட, நிதானம் பின்னால் உட்கார்ந்து, வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே நீள மேஜையைச் சுற்றி அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, அன்றைய போன் பதிவைப் போட்டுக் காட்டினார்கள்.

'நாப்பது... கு குறைங்க சார்.'

"க்கு இருக்கு" என்றார் ஓர் அதிகாரி.

"இல்லை. அது குறைங்கல வர்ற கு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மறுபடி போட்டார்கள். முதலில் இருக்கு என்றவர் இப்போது சந்தேகப்பட்டார். இல்லை என்றவர் இருக்கும்போல என்றார். தலைமை தாங்கிய அம்மாள் ஒலியைக் கூட்டச் சொன்னாள். இரைச்சல்தான் கூடியது. தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்த சின்ன மாப்பிள்ளையின் முகம் போடப்போட வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில், இனிமேல் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு என்று இரண்டையும் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்து கலைந்தார்கள். தப்பு யாருடையது என்பதை யாரும் முடிவு செய்யவில்லை.

வெளியே வந்ததும் சீஃப் நிதானத்தைத் தனியே அழைத்தார். "சொன்னதுக்கு மேல இறக்கினதுக்கு உங்ககிட்ட விளக்கம் கேக்கச் சொல்றாங்க. எண்ணெய் இல்லாம நாப்பதுல நிறுத்தினதுக்குப் பாராட்டவும் சொல்றாங்க. ரெண்டும் ஒரே ஆபீஸ்தான். எதை முதல்ல செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

"எதையும் செய்ய வேணாம் சார்" என்றார் நிதானம்.

"அது எப்படி? அதுசரி, எண்ணெய் வேணாம்னு எதை வெச்சு முடிவு பண்ணினீங்க?"

"முடிவே பண்ணல சார். யோசிச்சுட்டு இருந்தேன். அதுக்குள்ள நின்னுடுச்சு."

சீஃப் அவரையே பார்த்தார். இது பணிவா, திமிரா என்று அவருக்கும் புரியவில்லை.

அடுத்த மாதம் நிபுணர்கள் வந்தார்கள். வந்ததும் நிதானத்தைத்தான் தேடினார்கள். அன்றைக்கு என்ன செய்தீர்கள், எந்த மில் முதலில், காற்று எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அவர் நினைவிலிருந்ததையெல்லாம் சொன்னார். பட்டாசும் சொன்னாள். அதே மாதிரி அதே மில்களை அதே வரிசையில் நிறுத்தி இறக்கினார்கள்.

தீ நிற்கவில்லை. நாற்பதுக்கு வெகுதூரம் முன்னாலேயே தள்ளாடியது. இந்தத் தடவை நிதானம் 'இரு' என்று சொல்லவில்லை. சட்டென்று எண்ணெய் போடச் சொன்னார். போட்டிராவிட்டால் யூனிட் அங்கேயே விழுந்திருக்கும். ஒரு நிபுணர் கரி வேறாக இருந்திருக்கும் என்றார். இன்னொருவர் அன்றைக்குக் காற்று தற்செயலாகக் குறைந்திருக்கலாம் என்றார். அடிக்கடி இப்படிச் சூடேறி ஆறினால் தடித்த உலோகத்தில் விரிசல் விழுமே, அன்றைக்கு ஏதாவது விழுந்திருக்குமா என்று நிதானம் தயங்கித் தயங்கிக் கேட்டார். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

காற்று வாய்களைத் திருத்தி, தீயைப் பார்க்கிற கருவிகளை மாற்றி, மூன்றாம் முறை இறக்கினார்கள். அந்த முறை நின்றது. எண்ணெய் இல்லாமல், நாற்பதில், சாதுவாக நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு லோடு சென்டரின் சார்பில் பார்வையாளராக வந்திருந்தவன் சின்ன மாப்பிள்ளை. இத்தனை வருஷம் போனில் மிரட்டிய நிலையத்துக்குள் அவன் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"தீயை நேர்ல பாக்கறீங்களா தம்பி?" என்று கேட்டார் நிதானம்.

தலைக்கவசம் மாட்டி, இரும்புப் படிகளில் ஏறி, பாய்லரின் பக்கவாட்டுக்குக் கூட்டிப் போனார். கையகலக் கண்ணாடி வைத்த ஒரு துவாரம் இருந்தது. மூடியைத் தள்ளி, பார்க்கச் சொன்னார். சின்ன மாப்பிள்ளை குனிந்து கண்ணை வைத்தான். வைத்தவன் விசுக்கென்று பின்னால் வந்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். அப்புறம் வெகு நேரம் நிமிரவில்லை.

"இது குறைஞ்ச தீயா?" என்று உள்ளே பார்த்தபடியே கேட்டான்.

"இதுதான் குறைஞ்சது."

"இதையா நான் அங்க உக்காந்துட்டு, ஏத்துங்க இறக்குங்கன்னு...?"

நிதானத்துக்கு அது சொல்லிக் காட்ட நல்ல தருணம்தான். ஆனால் அந்த வியர்த்த முகத்தைப் பார்த்தபோது அந்த ஆசை போய்விட்டது. மூடியைச் சாத்தினார்.

படி இறங்கும்போது சின்ன மாப்பிள்ளை கேட்டான். "அண்ணா, வெளிய யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அன்னிக்கு எப்படித்தான் நின்னுது?"

"தெரியல தம்பி. எத்தனை தடவை யோசிச்சாலும் தெரியல."

தெரியாது என்ற வார்த்தையை அந்த வாயால் அந்தத் தம்பியிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

சின்ன மாப்பிள்ளை இன்னும் இரண்டு படி இறங்கி நின்றான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "நானும் ஒண்ணு சொல்லணும்ணா. வீட்டுல அடிச்சுச் சொல்லிட்டேன், நாப்பது குறைங்கன்னுதான் சொன்னேன்னு. அந்தப் பதிவைக் கேட்டதிலேர்ந்து அப்படித் தோணல. அன்னிக்குக் காலைல எங்க ஆபீஸ்லயும் அடுத்த மாச டெஸ்டைப் பத்தித்தான் பேச்சு. வாய் தவறிக்கூட வந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல."

நிதானம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்பட வேண்டுமா, ஆறுதல் சொல்ல வேண்டுமா என்று யோசித்தார். கீழே பட்டாசு, டீ ஆறுது என்றோ என்னவோ கத்துவது இரும்புச் சத்தத்துக்கு நடுவே மங்கலாகக் கேட்டது.

"என்ன சொல்றா?" என்றான் சின்ன மாப்பிள்ளை.

"சரியாக் கேக்கல" என்றார் நிதானம். "இருங்க, கீழ போய்க் கேட்டுக்கலாம்."